கிளியம்மாள் கேட்ட உள்ளறை

கிளியம்மாளைப் பற்றி எழுத என்னைவிடத் தகுதியான ஆள் எங்கள் ஊரில் கிடையாது. அவளைத் திட்டுவதைக் கேட்டே வளர்ந்தவள் நான். என் அம்மா பாப்பம்மாளுக்குக் காலையில் பல் விளக்கியதும் முதல் வேலை, பக்கத்துக் குடிசைக் கிளியம்மாளைச் சபிப்பது. அது முடிந்த பிறகுதான் அடுப்பு மூட்டுவாள். ஒருத்தியின் குறைகளை வருஷக்கணக்கில் உட்கார்ந்து கேட்டால் அவளுடைய அருமையும் தன்னால் தெரிந்துவிடுகிறது. எனக்குத் தெரிந்தது. அம்மாவுக்குத் தெரிய நாளானது.

வடக்குப்பட்டுக்குப் பக்கத்தில், ஏரிக்கரையை ஒட்டி எங்கள் காலனி. ஐம்பத்தைந்தாம் வருஷவாக்கில் கிளியம்மாள் வல்லத்துப் பக்கமிருந்து சின்னப்பையன் என்பவருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தாள். அவர் எனக்குச் சித்தப்பா முறை. இருக்கிற இடம் தெரியாத மனுஷர். அவள் அதற்கு நேரெதிர். நாற்று நடும்போது இந்தக் கரையில் அவள் பேசினால் அந்தக் கரையில் மேயும் எருமை தலை தூக்கிப் பார்க்கும் என்பார்கள்.

அவள் வந்து சேர்ந்த குடிசை மண்சுவரும் பனையோலைக் கூரையுமாக ஒரே ஓர் அறை. குனிந்துதான் நுழைய வேண்டும். நுழைந்த பிறகும் நடு விட்டத்துக்குக் கீழே மட்டும்தான் நிமிர்ந்து நிற்கலாம். மாமனார், மாமியார், கல்யாணத்துக்கு நின்ற இரண்டு நாத்தனார்கள், புதுசாக வந்த இவள், புருஷன், அத்தனை பேருக்கும் அதே இடம். அடுப்பும் அங்கேதான். மழை வந்தால் ஆடும் உள்ளே வந்துவிடும். கல்யாணமான புதிதில் ஒரு பழம்புடவையைக் கயிற்றில் போட்டு மறைப்புக் கட்டினாளாம். மாமியார் மறுநாளே அதை உருவிப்போட்டு, குழந்தைக்குத் தூளி கட்டும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டாள். மறைப்பே இல்லாமல் தூளிக்கு எங்கிருந்து குழந்தை வரும் என்று அந்த அம்மாள் யோசிக்கவில்லை.

எங்கள் பெண்கள் யாருமே பகலில் புடவை மாற்றியதில்லை. விடிவதற்கு முன்னால் மாற்றிக்கொள்ள வேண்டும். தவறிவிட்டால் ஏரியில் கட்டிய புடவையோடே குளித்து, உடம்பிலேயே காயவிட்டு, அப்படியே வேலைக்குப் போக வேண்டும். இதைக் கஷ்டம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். எல்லாருக்கும் அப்படித்தான் என்று இருந்தது.

கிளியம்மாளுக்கும் என் அம்மாவுக்கும் பகை வந்ததற்குக் காரணம் ஒரு முழச் சந்து. இரண்டு குடிசைக்கும் நடுவே அவ்வளவுதான் இடைவெளி. அவள் கூரை எங்கள் கூரையைவிட உயரம். ஒரு வருஷம் ஐப்பசி மழையில் அவள் கூரைத் தண்ணீர் கொட்டிக் கொட்டி எங்கள் மண்சுவர் ஊறி, அடைமழையில் விழுந்துவிட்டது. நல்ல வேளை, வெளிப்பக்கமாகச் சாய்ந்தது. "உன் கூரத் தண்ணியாலதான் உழுந்திச்சி" என்றாள் அம்மா. "உன் சொவுத்துல எலி பொந்து வச்சிகீது. அதான் உழுந்திச்சி" என்றாள் கிளியம்மாள். அன்றோடு பேச்சு நின்றது. நல்லது கெட்டதுக்குப் போக்குவரத்தும் நின்றது.

பேச்சு நின்றது என்றால் பேசாமல் இருந்தார்கள் என்று அர்த்தமில்லை. முன்னைவிட அதிகமாகப் பேசினார்கள். நேருக்கு நேர் பேசவில்லை, அவ்வளவுதான். எல்லாம் ஜாடைப் பேச்சு. கிளியம்மாள் தன் செவலை ஆட்டைப் பார்த்துத் திட்டுவாள், அது எங்களுக்கு. அம்மா எங்கள் கருப்புக் கோழியைப் பார்த்துப் பதில் சொல்வாள், அது அவளுக்கு. பாவம், அந்த ஆடும் கோழியும் வாங்கிய திட்டை மனிதர்கள் வாங்கியிருந்தால் ஊரைவிட்டே ஓடியிருப்பார்கள்.

வருஷங்கள் போயின. மாமனார் மாமியார் போய்ச் சேர்ந்தார்கள், நாத்தனார்கள் கட்டிக்கொண்டு போனார்கள், கிளியம்மாளுக்கு மூன்று பிள்ளைகள், மூன்றும் ஆண். ஆள் மாறியதே தவிரக் குடிசையில் தலைக் கணக்கு குறையவில்லை. மூத்தவன் பலராமனுக்கு வாலாஜாபாத்தில் பெண் எடுத்தார்கள். பெயர் லீலா. அவள் அப்பா அரிசி மில்லில் வேலை. மில்லுக்குப் பின்னால் அவர்களுக்குக் கொடுத்திருந்த வீடு பெரியதொன்றுமில்லை, ஆனால் செங்கல் வீடு, உள்ளே கதவு வைத்துத் தடுத்த ஓர் அறை. அதில் வளர்ந்த பெண்.

லீலா சித்திரையில் வந்தாள். வாய் திறக்காமல் வேலை செய்தாள். ஆடி பிறந்ததும் புதுப்பெண்ணை அம்மா வீட்டுக்கு அழைத்துப் போகும் வழக்கப்படி அவள் அப்பா வந்து அழைத்துப் போனார். ஆடி முடிந்தது. ஆவணி பிறந்தது. லீலா வரவில்லை. காலனியில் வாய்க்கு வாய் பேச்சு. "பையன்கிட்ட கோளாறு" என்றது ஒரு வாய். "மாமியா வாயிக்கு எவ தாங்குவா" என்றது இன்னொரு வாய். அந்த இன்னொரு வாய் என் அம்மாவுடையது.

கிளியம்மாள் பூவும் வெற்றிலையும் ஒரு புதுப்புடவையும் எடுத்துக்கொண்டு வாலாஜாபாத் பஸ் ஏறினாள். அங்கே நடந்ததை அவளே பின்னாளில் எனக்குச் சொன்னாள்.

"இன்னாடி பொண்ணே, ஆவணி பொறந்திச்சே, வூட்டுக்கு வர்ற எண்ணம் கீதா இல்லியா?" என்று ஆரம்பித்திருக்கிறாள்.

"வர்றேன் அத்தே. படுக்க எடம் சொல்லுங்க, வர்றேன்."

"ஏன், அத்தினி பேரும் படுக்கற எடத்துலதான்."

"அதான் அத்தே. அத்தினி பேரும் படுக்கறாங்களே."

கிளியம்மாளுக்குக் கோபம் வந்துவிட்டது. "எங்க மாமனாரு, மாமியா, நாத்தனாருங்க, நானு, ஒன் மாமனாரு, அல்லாரும் அதே குடிசையிலதான் கெடந்தோம். நாங்கல்லாம் குடித்தனம் பண்ணல?"

லீலா நிமிர்ந்து பார்த்தாளாம். கேலி இல்லை, துடுக்கு இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்பவளைப் போல, "எங்க அத்தே பண்ணீங்க?" என்று கேட்டாள்.

கிளியம்மாளுக்கு வாழ்க்கையில் முதல் தடவையாகப் பதில் வரவில்லை. பதில் இருந்தது. ஏரிக்கரை வைக்கோல் போர் என்பதுதான் பதில். போர் இல்லாத மாதங்களில் கரும்புத் தோட்டம். பாம்புக்குப் பயந்து, காவல்காரனுக்குப் பயந்து, இருமல் சத்தத்துக்குப் பயந்து. அதை மருமகளிடம் எப்படிச் சொல்வது? என்னிடம் சொல்லும்போது கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். ஆனால் அன்றைக்குச் சிரிக்கவில்லை.

"ஒங்க மேல எனக்கு ஒரு கொறையும் இல்ல அத்தே," என்றாள் லீலா. "கதவு வச்ச எடம் ஒண்ணு வேணும். அது கீதுன்னு சொல்லி அனுப்புங்க, அன்னிக்கே வர்றேன்."

கொண்டுபோன புடவையைக் கிளியம்மாள் கொடுக்கவில்லை. கோபித்துக்கொண்டு திருப்பி எடுத்து வந்தாள். ஆனால் வரும் வழியெல்லாம் பஸ்ஸில் அந்தக் கேள்வியேதான். ஓரகடத்தில் இறங்கும்போது கோபம் போய்விட்டது. அவள் கேட்டதில் என்ன தப்பு, நான் கேட்காமல் விட்டதுதானே தப்பு என்று தோன்றிவிட்டதாம். அது அவள் குணம். சண்டைக்காரிதான், ஆனால் நியாயம் எதிராளி பக்கம் இருந்தால் உள்ளுக்குள்ளாவது ஒத்துக்கொள்வாள்.

அந்த வருஷம்தான், எழுபத்தஞ்சோ எழுபத்தாறோ, எங்கள் காலனிக்குச் சர்க்கார் வீடு வந்தது. குடிசைகளை எடுத்துவிட்டு அதே மனையில் தளம் போட்ட வீடு. ஓவர்சியர் நரசிம்மன் தஞ்சாவூர்ப் பக்கத்து ஆள், சின்ன வயது, நல்ல மனுஷர். வேப்பமரத்தடியில் எல்லாரையும் உட்கார வைத்து விஷயத்தைச் சொன்னார்.

"ஒரு வீட்டுக்கு இவ்வளவு செங்கல், இவ்வளவு சிமென்ட்டுன்னு மேலே முடிவு பண்ணிட்டாங்க. அதுக்கு மேல ஒரு கல்லு கூட என்னால தர முடியாது. தனித்தனி வீடா வேணும்னா எட்டுக்குப் பத்துல ஒரே ரூம். சமையல், படுக்கை எல்லாம் அதுலயேதான். ரெண்டு ரெண்டு வீடா ஒட்டிக் கட்டினா நடுச்சுவர் ஒண்ணு போதும். மிச்சமாகிற செங்கல்ல முன்னால ஒரு கூடம், பின்னால கதவு வச்சு ஒரு உள் ரூம், பக்கத்துல சமைக்க ஒரு மூலைன்னு தடுத்துடலாம். எது வேணும், சொல்லுங்க."

எல்லாரும் எழுந்து நின்று ஒரே குரலில் சொன்னார்கள், தனித்தனி என்று.

இதை வெளியூர்க்காரர்கள் முட்டாள்தனம் என்பார்கள். எங்களைப் பொறுத்தவரை அதில் நியாயம் இருந்தது. எங்கள் பக்கத்தில் பங்காளிகூடப் பொதுச்சுவர் வைக்க மாட்டான். அந்த வீட்டில் சாவு விழுந்தால் தீட்டு சுவர் வழியாக இந்த வீட்டுக்கு வந்துவிடும் என்பார்கள். பொங்கலுக்கு யார் சுண்ணாம்பு அடிப்பது? ஆணி அடித்தால் யாரைக் கேட்பது? நாளைக்கு ஒருவன் இடித்தால் மற்றவன் கதி? காலனிக்குப் பெரியதனக்காரர் எல்லப்பன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "எலி வளையானாலும் தனி வளை வேணும் சார்" என்று முடித்தார். கூட்டம் தலையாட்டியது.

"எலிக்கு மருமவ இல்ல" என்று ஒரு குரல் வந்தது.

கிளியம்மாள்தான். இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு எழுந்தாள். "எனுக்கு உள் ரூமு வேணும் சார். ஒத்த சொவுரே போதும். எனுக்கு மட்டும் அப்டி கட்டிக்குடு."

ஓவர்சியர் சிரித்துவிட்டார். "நீங்க மட்டும் எப்படிம்மா ஒட்டிக்க முடியும்? பக்கத்து மனைக்காரங்களும் சரின்னு சொல்லணும். சொன்னா அந்த ரெண்டு வீட்டுக்கு மட்டும் கட்டித் தரேன். உங்க பக்கத்து மனை யாரு?"

கிளியம்மாள் மனைக்குக் கிழக்கே வாய்க்கால். மேற்கே நாங்கள்.

கூட்டம் மொத்தமும் திரும்பி என் அம்மாவைப் பார்த்தது. பிறகு ஒரு சிரிப்பு எழுந்தது பாருங்கள், ஏரிக்கரைக் கொக்கெல்லாம் பறந்துவிட்டது. அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். "அஸ்திவாரம் தோண்ட வர்றதுக்குள்ள பேசி முடிங்க" என்று சொல்லிவிட்டு ஓவர்சியர் மோட்டார் சைக்கிளை உதைத்தார்.

அடுத்த நாள் காலையிலிருந்து பேச்சுவார்த்தை தொடங்கியது. ஆட்டோடும் கோழியோடும்தான்.

"தோ பாரு செவல," என்று கிளியம்மாள் ஆட்டின் கொம்பைப் பிடித்துக்கொண்டு ஆரம்பித்தாள், காலனி முழுக்கக் கேட்கும்படி. "எனுக்காகவா கேக்கறேன்? சில பேரு வூட்ல பொண்ணு தலக்கி மேல வளந்து நிக்கிது. அதுக்கும் ஒரு மறவு வேணாமா? நீயே சொல்லு."

தலைக்கு மேல் வளர்ந்து நின்ற பெண் நான்தான். அம்சவல்லி. எனக்கு அப்போது மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அம்மா ஒரு கை நெல்லை வாசலில் இறைத்தாள். கோழி ஓடி வந்தது. "கேட்டியாடி கருப்பி? ஊரான் வூட்டுப் பொண்ணு மேல அக்கற பொத்துகினு வந்துடிச்சி. அன்னிக்கி மழயில சொவுரு உழுந்தப்போ எங்க போச்சி இந்த அக்கற?"

கிளியம்மாள் வாயில் எலிப் பொந்து என்று வந்துவிட்டது. கடித்து விழுங்கியதை நான் என் கண்ணால் பார்த்தேன். "செவல," என்றாள் கொஞ்சம் தணிந்து, "சந்து இருந்தாதான கூரத் தண்ணி உழும்? ஒத்த சொவுரு வச்சா சந்து ஏது? அப்பறம் எந்தத் தண்ணி எந்தச் சொவுத்துல உழும்?"

அம்மா நெல்லை இன்னொரு கை இறைத்தாள். கோழிக்கு அந்த மாதம் யோகம்.

இப்படியே பேச்சு நீண்டது. சித்தப்பா ஆட்டை மேய்ச்சலுக்கு ஓட்டிப் போய்விட்டால் அன்றைக்குப் பேச்சு கிடையாது. அவரை வழியில் நிறுத்தி, "நாளைக்கி மத்தியானத்துக்கு மேல ஓட்டிகினு போய்யா" என்று கிளியம்மாள் அதட்டுவாள். எங்கள் அப்பாவும் அவரும் இந்த விஷயத்தில் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் இரண்டு பேருக்கும் சோறு கிடைத்திருக்காது.

அம்மா நேராக மறுக்கவும் இல்லை, சரி என்றும் சொல்லவில்லை. நிபந்தனை போட ஆரம்பித்தாள். அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது, கல்லில் நார் உரிய ஆரம்பித்துவிட்டது என்று. "கருப்பி, அடுப்பு மட்டும் நடுச் சொவுத்தாண்ட இருந்திச்சி, நான் மனுசியா இருக்க மாட்டேன்." பதில்: "செவல, அடுப்பு வாய்க்கா பக்கம் போவட்டும்." "ஒலக்க சத்தம் கேட்டா எனுக்கு மண்ட இடிக்கும் கருப்பி." பதில்: "ஒரல வெளிய போட்டுக்கலாம் செவல." "பொங்கலுக்கு யாரு அடிப்பா சுண்ணாம்பு?" பதில்: "அவங்க அவங்க பக்கத்த அவங்க அவங்க அடிச்சிக்கலாம். உள்ளயா பூந்து பாக்கப் போறோம்?"

எல்லாம் முடிந்தும் அம்மா கடைசி வார்த்தையைச் சொல்லவில்லை. ஒரு நாள் நான் பொறுக்க முடியாமல், "எனுக்கும் அந்த ரூமு வேணும்மா" என்றேன். வேறெதுவும் சொல்லவில்லை. அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். என் புடவை அப்போதும் இடுப்பில் ஈரமாகத்தான் இருந்தது. அவள் முறத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

ஓவர்சியர் சுண்ணாம்புத் தூளும் கயிறுமாக வந்தார். காலனியே கூடியது. எங்கள் இரண்டு மனைக்கு முன்னால் வந்து நின்று, "இங்க என்ன முடிவு?" என்று கேட்டார்.

"சம்மதந்தான் சார்" என்றாள் கிளியம்மாள், அவரைப் பார்த்து.

"என்னைப் பார்த்துச் சொல்லாதீங்க. நாளைக்குச் சண்டை வந்தா சுவரை இடிச்சுக் கொடுன்னு என்கிட்டதான் வருவீங்க. ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துச் சொல்லுங்க. இவ்வளவு பேர் சாட்சி இருக்காங்க."

பாவம், அவருக்கு என்ன தெரியும்? எங்கள் பக்கத்தில் பேச்சு விட்டவர்களில் முதலில் வாய் திறப்பவர்தான் தோற்றவர். அதற்குப் பயந்து தாய் சாவுக்கு வந்த மகள்கூட அண்ணன் பெண்டாட்டியோடு பேசாமல் அழுதுவிட்டுப் போனதுண்டு. எல்லப்பன் மீசையைத் தடவிக்கொண்டு வேடிக்கை பார்த்தார்.

கிளியம்மாள் சுற்றும் முற்றும் பார்த்தாள். ஆட்டைத் தேடினாள். சித்தப்பா அன்றைக்கென்று அதை ஏரிக்குள்ளே உள்வாய்ப் புல்லுக்கு ஓட்டிப் போயிருந்தார். கோழியும் அந்தப் பக்கம் இல்லை. பேசுவதற்கு ஒரு காக்கா கூட இல்லை. என் அம்மா மட்டும்தான் இருந்தாள், கையைக் கட்டிக்கொண்டு, தரையைப் பார்த்துக்கொண்டு.

கிளியம்மாள் அவள் பக்கம் ஓர் அடி வைத்தாள்.

"யக்கா," என்றாள்.

அம்மாவின் தோள் ஒரு குலுக்கு குலுங்கியது.

"உன் சொவுரு உழுந்தது என் கூரத் தண்ணியாலதான் யக்கா. எலியால இல்ல. அன்னிக்கே எனுக்குத் தெரியும். தோத்துப் போயிடுவமோன்னு வாய் குடுத்துகினே இருந்துட்டேன். என் மருமவ வரணும் யக்கா. நான் கெடந்த மாரி அவ கெடக்க வாணாம்."

இவ்வளவு தணிந்த குரலில் அவள் பேசி அதற்கு முன் யாரும் கேட்டதில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், அங்கே நின்ற பாதிப் பெண்களுக்கு வந்தது.

அம்மா தலை நிமிர்ந்தாள்.

"எலிப் பொந்தும் இருந்திச்சி," என்றாள். "நாந்தான் சாணிய அப்பி மறச்சி வச்சேன்."

ஒரு நொடி யாருக்கும் புரியவில்லை. பிறகு வெடித்தது சிரிப்பு. கிளியம்மாள் வாயைப் பொத்திக்கொண்டாள். அம்மாவோ சிரிக்காமல் ஓவர்சியர் பக்கம் திரும்பி, "ஒத்த சொவுரே வை சார். ஆனா கனமா வை. இவ கொரலு என் வூட்டுக்குள்ள வந்து குடித்தனம் பண்ணக் கூடாது" என்றாள்.

கயிறு பிடித்தார்கள். சுண்ணாம்புக் கோடு விழுந்தது.

எங்கள் இரண்டு வீடுதான் முதலில் எழும்பியது. கிளியம்மாள் கொத்தனாரை நிழல்போல் தொடர்ந்தாள். சாயங்காலமானால் அவளும் அம்மாவும் ஏரியிலிருந்து தண்ணீர் சுமந்து சுவருக்கு ஊற்றினார்கள், இந்தப் பக்கம் இவள், அந்தப் பக்கம் அவள், நடுவில் ஓயாத பேச்சு. இத்தனை வருஷப் பாக்கியை ஒரே மாதத்தில் பேசித் தீர்த்தார்கள். உள் ரூமுக்கு ஜன்னல் எங்கே என்று கொத்தனார் கேட்டபோது, தலைக்கு மேலே வைக்கச் சொன்னாள் கிளியம்மாள். "அவ்ளோ ஒசரத்துல வச்சா காத்து மூஞ்சில படாதும்மா" என்றார் அவர். "காத்து படாட்டி போவட்டும்யா. ஊரான் கண்ணு படக் கூடாது" என்றாள். ஓவர்சியர் அப்படியே வைக்கச் சொல்லிவிட்டார்.

உள் ரூமுக்குச் சுவர் எழும்பியதும் காலனிப் பெண்கள் ஒவ்வொருத்தியாக வந்து நடுவில் நின்று பார்த்தார்கள். கையை நீட்டிச் சுற்றிப் பார்த்தார்கள். ஒன்றும் சொல்லாமல் போனார்கள். போய் வீட்டில் என்ன சொன்னார்களோ, இரண்டே வாரத்தில் எல்லப்பன் ஓவர்சியரைத் தனியாகப் பிடித்து, "நம்ம வூட்டையும் அப்டி ஒட்டிப் போட்டா இன்னா சார்?" என்று கேட்டாராம். எலி வளைப் பழமொழி அதோடு செத்தது. அதற்கப்புறம் காலனியில் சம்பந்தம் பேசுவதுபோல் சுவர் பேச ஆரம்பித்தார்கள். யாரோடு யார் ஒட்டுவது, அடுப்பு எந்தப் பக்கம், உரல் எந்தப் பக்கம். பேச்சு விட்டிருந்த மாமன் மச்சான்கள் எல்லாம் செங்கல்லுக்காகப் பேசிக்கொண்டார்கள். எல்லப்பன் தன் சொந்தத் தம்பியோடு ஒட்டவேண்டி வந்தது; ஊரிலேயே அதிகம் சண்டை நடந்தது அந்தச் சுவரில்தான். ஆனாலும் இரண்டு வீட்டிலும் உள் ரூம் இருந்தது.

எண்பதுகளில் சுற்றுவட்டாரத்தில் வேறு காலனிகளுக்கு வீடு வந்தபோது, வல்லம் வடகால் பக்கமிருந்துகூட ஆட்கள் கிளியம்மாளைக் கூப்பிட வந்தார்கள். போய் நடுவில் உட்கார்ந்துகொண்டு, "எத்தினி ரூமுன்னு கேக்காதீங்க. எத்தினி கதவுன்னு கேளுங்க" என்று சொல்லிக் கொடுத்துவிட்டு வருவாள். அவள் பேத்தி அந்த உள் ரூமில் கதவைச் சாத்திக்கொண்டு படித்துத்தான் பத்தாவது தேறினாள். என் கல்யாணத்தன்று என்னை அலங்கரித்ததும் எங்கள் பக்கத்து உள் ரூமில்தான். அதெல்லாம் பிற்பாடு. பால் காய்ச்சிய நாளைச் சொல்ல வேண்டும்.

தை மாதம். கிளியம்மாளும் அம்மாவும் சேர்ந்தே வாலாஜாபாத் போய் லீலாவை அழைத்து வந்தார்கள். லீலா பெட்டி எதுவும் எடுத்து வரவில்லை. பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று வெறுங்கையோடுதான் வந்தாள். இரண்டு பஸ் புழுதியும் உடம்பில் அப்பியிருந்தது. பலராமன் வாசல் மாமரத்தடியில் நின்றுகொண்டு எங்கேயோ பார்ப்பதுபோல் பாவனை செய்தான். அவன் காது சிவந்திருந்ததை எல்லாரும் பார்த்தோம்.

அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. லீலா கூடத்தைப் பார்த்தாள். சுவரைத் தட்டிப் பார்த்தாள். தளத்தை அண்ணாந்து பார்த்தாள். "உள்ள போயி பாரு" என்றாள் கிளியம்மாள். சாதாரணமாகச் சொல்வதுபோல்தான் சொன்னாள். ஆனால் முந்தானை நுனியை விரலில் சுற்றிச் சுற்றி இறுக்கிக்கொண்டிருந்தாள்.

லீலா உள்ளே போனாள். கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள் விழுந்தது.

நாங்கள் கூடத்தில் நின்றோம். பால் கிண்ணத்தை வைத்துக்கொண்டு அம்மா என்னைப் பார்த்தாள், நான் சித்தப்பாவைப் பார்த்தேன். கிளியம்மாள் கதவைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை. பிடிக்கவில்லையோ, சிறிசாகத் தோன்றிவிட்டதோ, ஜன்னல் உயரமாகப் போய்விட்டதோ என்று அவள் மனசு அடித்துக்கொண்டது எங்களுக்கே கேட்டது.

கதவு திறந்தது. லீலா வேறு புடவையில் வெளியே வந்தாள்.

ஆவணியில் கொண்டுபோய்க் கொடுக்காமல் திருப்பி எடுத்து வந்த அந்தப் புதுப்புடவையைக் கிளியம்மாள் யாரிடமும் சொல்லாமல் உள் ரூம் கொடியில் போட்டு வைத்திருந்தாள். லீலா பஸ் புழுதிப் புடவையை அவிழ்த்து, மடித்து, இதை நிதானமாகக் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். நல்ல உச்சி வெயில் நேரம். வீடு நிறைய ஆம்பிளைகள். எங்கள் காலனியில் ஒரு பெண் பட்டப்பகலில் தன் வீட்டுக்குள் முதன்முதலாகப் புடவை மாற்றியது அன்றைக்குத்தான்.

"மடிப்பு சரியா கீதா அத்தே?" என்று கேட்டாள். பிறகு வாசல் பக்கம் திரும்பி, மாமரத்தடியில் நின்றவனுக்குக் கேட்கும்படி, "பெட்டிய நாளைக்கி போய் எடுத்துகினு வரச் சொல்லுங்க" என்றாள்.

கூடத்தில் எழுந்த ஆரவாரத்தைச் சொல்லி முடியாது. அம்மா குலவை விட்டாள். எல்லப்பன்கூடக் கை தட்டினார். யார் யாரோ பலராமனை உள்ளே தள்ளிக்கொண்டு வந்தார்கள். எல்லாரும் பாலைக் குடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டு இருந்ததில், கிளியம்மாளைக் காணோம் என்று முதலில் கவனித்தவள் என் அம்மாதான்.

உள் ரூம் கதவு மறுபடியும் சாத்தியிருந்தது.

"கிளீ!" அம்மா கதவருகே போய்க் கூப்பிட்டாள். "உள்ள இன்னாடி பண்ற? அல்லாரும் உன்ன தேடிகினு கீறாங்க."

உள்ளேயிருந்து குரல் வந்தது.

"ஒண்ணும் பண்ணல யக்கா. சும்மா கீறேன்."

அம்மா தட்டுவதற்குத் தூக்கிய கையை இறக்கிக்கொண்டாள். அவள் பங்குப் பாலை எடுத்து மூடி வைத்தோம். கிளியம்மாள் தானாகக் கதவைத் திறந்துகொண்டு வரும்வரை யாரும் கூப்பிடவில்லை.